முதற் கவளமும் முதல் மிதியும்

“பழகப் பழகப் பாலும் புளிக்கும்” என்பது நாம் அடிக்கடி கேட்கும் பழமொழி. இனியதும் நெருங்கிப் பழகினால் சலித்துப் போகும் என்பது அதன் பொருள். இப்பழமொழிக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. கசப்பதும் பழகப் பழக இனிக்கும் என்பதே அது. இந்த மறுபக்கத்தை நான் நூலகத்தில் கற்கவில்லை. மணமேல்குடிக் கடலோரத்தில், ஒரு மீனவ மூதாட்டியின் வீட்டுத் திண்ணையில், பிழை ஒன்றைச் செய்த பிறகே கற்றுக்கொண்டேன். நூல்கள் பின்னர்தான் துணைக்கு வந்தன. புதிய அனுபவத்தை மனிதன் எவ்வாறு எதிர்கொள்கிறான், எவ்வாறு எதிர்கொள்ளல் நன்று என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

வகுப்பறையில் உயர்ந்த கைகள்

சென்ற ஆண்டு ஒரு பிற்பகல் வகுப்பில், எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய பிரான்சு நாட்டைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இடையே, மனிதன் முதன்முதலாக வானில் ஏறிய கதையையும் கூறினார். கூறிவிட்டு, “இன்று ஒரு பலூன் வந்து இந்த வாசலில் நின்றால் உங்களில் எத்தனை பேர் ஏறுவீர்கள்?” என்று கேட்டார். வகுப்பு முழுவதும் கை உயர்ந்தது. நான் இரண்டு கைகளையும் உயர்த்தினேன். பொள்ளாச்சியில் 2015ஆம் ஆண்டு முதல் நடைபெறத் தொடங்கிய பலூன் விழாவின் படங்களைப் பார்த்து ஏங்கியவள் நான். புதுமைக்கு அஞ்சாதவள் என்று என்னைப் பற்றி எனக்கே ஓர் எண்ணம் இருந்தது.

அந்தக் கதையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். பின்னால் நமக்கு அது பயன்படும்.

மாங்கோல்பியே உடன்பிறப்பினர் காகிதம் செய்யும் குடும்பத்தினர். சூடான காற்று குளிர்ந்த காற்றைவிட இலேசானது. அதை ஒரு பெரிய பைக்குள் அடைத்தால் பை மேலெழும். இவ்வளவே அவர்தம் கருவியின் தத்துவம். துணியும் காகிதமும் கொண்டு பை அமைத்து, வைக்கோலும் கம்பளியும் எரித்துச் சூடேற்றினார்கள். ஆயினும் உடனே மனிதனை ஏற்றிவிடவில்லை. 1783 செப்டம்பர் 19 அன்று, வெர்சேய் அரண்மனை முற்றத்தில், ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் ஆகியவற்றைக் கூண்டிலிட்டு ஏற்றினார்கள். அவை உயிரோடு இறங்கின. அக்டோபர் 15 அன்று பிலாத்ர் தெ ரோசியே என்னும் இளைஞர், கயிற்றால் தரையோடு பிணைத்த பலூனில் ஏறிப் பார்த்தார். நவம்பர் 21 அன்றுதான் அவரும் மார்க்கி தர்லாந்தும் கயிறு நீங்கிய பலூனில் பாரிசு நகரின் மீது ஏறத்தாழ 25 நிமிடம் பறந்தனர். முதலில் மரண தண்டனைக் கைதிகளை அனுப்பலாம் என்று மன்னர் பதினாறாம் லூயி கருதினார் என்றும், அப்பெருமை தமக்கே வேண்டும் என்று இவர்கள் மன்றாடிப் பெற்றனர் என்றும் கூறுவர்.

அதே ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. ஆகஸ்டு 27 அன்று பாரிசிலிருந்து ஆளின்றி விடப்பட்ட ஒரு ஹைட்ரஜன் பலூன், கொனேசு என்னும் சிற்றூரில் போய் விழுந்தது. அவ்வூரார் அதனை ஏதோ கொடிய விலங்கு என்று கருதி, வைக்கோல் அள்ளும் கவைகளால் குத்திக் கிழித்துவிட்டனர். இதைக் கேட்டு வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

திண்ணையில் நேர்ந்த பிழை

அடுத்த மாதம் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் மணமேல்குடி வட்டாரத்தில் ஒரு கடலோர ஊரில் நடைபெற்றது. பாண்டியனின் அமைச்சராயிருந்த குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் எனப் பெரியபுராணம் போற்றுவது மணமேல்குடியை. பாக் நீரிணையின் அலையற்ற கடல், வரிசையாய் நிற்கும் நாட்டுப்படகுகள், காயும் வலைகள் என எல்லாமே எனக்குப் புதிது. நான் புதுக்கோட்டைக்கு மேற்கே வானம் பார்த்த செம்மண் பூமியில் பிறந்தவள். எங்களுக்கு மீன் என்றால் கண்மாய் வற்றும்போது பிடிக்கும் கெண்டையும் கெளுத்தியும் விராலுமே.

இரண்டாம் நாள் மதியம், ஊரார் எங்களை இருவர் மூவராகப் பிரித்துத் தத்தம் வீட்டில் விருந்துக்கு அழைத்தனர். எனக்கும் என் தோழிக்கும் வாய்த்தவர் அறுபதைக் கடந்த ஒரு மூதாட்டி. “அப்பத்தா” என்றே அழைத்தோம். “உங்களுக்குன்னு புட்டு செஞ்சிருக்கேன், உக்காருங்க தாயி” என்றார். புட்டு என்றதும் தேங்காய்த் துருவலும் வெல்லமும் என் மனக்கண்ணில் வந்தன. இலையில் விழுந்ததோ வேறு. வெள்ளையாய், உதிரி உதிரியாய், மிளகாயும் பூண்டும் கலந்து, நான் அறியாத ஒரு காரமான நெடியோடு இருந்தது. திருக்கைப் புட்டு!

மூக்கைப் பொத்திக்கொண்டேன். அதோடு நின்றேனா? இலையைக் கையால் தள்ளினேன். “எனக்கு வேண்டாம்” என்றேன்.

அப்பத்தா ஒன்றும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து, தாழ்ந்த குரலில், “எங்க வீட்டுல சாப்பிட மாட்டியா தாயி?” என்றார். பிறகு இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அக்கேள்வியின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. முகாமுக்குத் திரும்பும் வழியில் தோழிதான் விளக்கினாள். “நெடி பிடிக்கலைன்னு நீ தள்ளினே. அவங்க அப்படியா நினைச்சிருப்பாங்க? யார் வீட்டுல யார் கை நனைக்கிறதுன்னு கணக்குப் பார்க்கிற ஊருதானே நம்ம ஊரு?” எனக்குச் சுருக்கென்றது. என் நாவின் அச்சம், அந்த மூதாட்டியின் காதில் சாதியின் இகழ்ச்சியாக ஒலித்திருக்கிறது. கொனேசு ஊராரைக் கண்டு சிரித்தவள், கவைக்கோல் இல்லாமலே அவர்கள் செய்ததைச் செய்துவிட்டேன். வானில் ஏற இரு கை உயர்த்தியவளால் ஒரு கவளத்துக்கு ஒரு கையை உயர்த்த முடியவில்லை.

அச்சத்தின் வேர்

புதிய உணவைக் கண்டு அஞ்சுவது குற்றமா? அன்று என்பதே அறிவியல் தரும் விடை. மாடு புல்லைத் தின்னும், புலி இறைச்சியைத் தின்னும், அவற்றுக்கு ஐயமில்லை. எலியும் மனிதனும் எதையும் தின்னக்கூடிய உயிர்கள். எதையும் தின்னக்கூடிய உயிருக்கு இரண்டு தேவைகள் உண்டு. புதியதைத் தேடவும் வேண்டும். அதில் நஞ்சிருக்கலாம் என்று அஞ்சவும் வேண்டும். இந்த இருதலைக் கொள்ளி நிலையை உளவியலார் பால் ரோசின் 1976இல் விரித்துரைத்தார். எலி புதிய தீனியைச் சிறிதளவே கொறித்துவிட்டுக் காத்திருக்கும். இதை நம் உழவர்கள் நன்கறிவர். எலிக்கு நஞ்சு வைப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் நஞ்சில்லாத் தீனியை வைத்துப் பழக்குவது இதனால்தான்.

திருக்கையின் நெடிக்கும் காரணம் உண்டு. சுறா, திருக்கை போன்ற குருத்தெலும்பு மீன்கள், கடல் நீரின் உப்புக்கு ஈடுகொடுக்கும் பொருட்டு யூரியாவை உடலில் தேக்கி வைத்துக்கொள்கின்றன. மீன் இறந்தபின் நுண்ணுயிர்கள் அதனை அம்மோனியாவாக மாற்றுகின்றன. என் மூக்கு உணர்ந்தது அதையே. ஆகவே என் மூக்கு தன் கடமையைத்தான் செய்தது. பிழை மூக்கினுடையதன்று. ஒரு கணத்து அச்சத்தை முடிந்த முடிபாகக் கொண்டு இலையைத் தள்ளிய கையினுடையது.

சாய்ந்து விழுந்த கதை

மறுநாள் மாலை தனியே அப்பத்தா வீட்டுக்குச் சென்றேன். என்ன சொல்வது என்று தெரியாமல், “அப்பத்தா, அந்த நெடி எனக்குப் பழக்கமில்லை. வேற ஒண்ணும் மனசுல இல்லை. மன்னிச்சுக்குங்க” என்றேன். அவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “பழக்கமில்லேன்னா சொல்றதுதானே கண்ணு? நான்கூட மொத நாளு சைக்கிளப் பாத்துட்டு ஓடியிருக்கேன்” என்றார். சுவரில் சாய்ந்திருந்த ஒரு பழைய மிதிவண்டியைக் காட்டினார். அது ஆண்கள் ஓட்டும், குறுக்குக் கம்பி உள்ள வண்டி.

அவர் கூறியதை என் நடையில் தருகிறேன். 1992ஆம் ஆண்டு. அவருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கருவாட்டுக் கூடையைத் தலையில் சுமந்து உள்ளூர்களுக்கு நடந்து விற்பவர். நெடியைக் காரணம் காட்டிப் பேருந்தில் ஏற்ற மாட்டார்கள். அறிவொளி வகுப்பில் மாலைதோறும் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தார். வகுப்பு நடத்திய பெண் ஒருநாள் வாடகை மிதிவண்டியோடு வந்து, “இனிமேல் இதுவும் பாடம்” என்றாளாம். முதல் நாள் அப்பத்தா ஓடிவிட்டார். இரண்டாம் நாள் ஏறி, சாய்ந்து விழுந்து, முழங்கால் தேய்ந்தது. கிணற்றடியில் நின்ற ஆண்கள் கைகொட்டிச் சிரித்தனர். மூன்றாம் நாள், பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவள் சொல்லாமலே கையை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்துப் பொட்டல் முழுதும் சுற்றி வந்தபின்தான், பிடித்தவள் தொலைவில் நிற்பதை இவர் கண்டார்.

“அப்புறம் அந்தக் கூடை தலையில ஏறவே இல்ல தாயி” என்றார்.

ஒரு மாவட்டமே மிதித்த கதை

இது ஒரு பெண்ணின் கதை மட்டுமன்று; நம் மாவட்டத்தின் வரலாறு. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் இயக்கத்தின் ஒரு பகுதியாக்கியது அவர் எண்ணத்தில் உதித்த திட்டமே. சம்பளம் பெறாத தொண்டர்கள் ஊர்தோறும் பயிற்றுவித்தனர். வண்டி வாங்க வங்கிகள் கடன் தருவதற்கும் வழி செய்யப்பட்டது. 1992இல் அனைத்துலக மகளிர் நாளை ஒட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மணி ஒலித்துக்கொண்டு புதுக்கோட்டை நகர வீதிகளில் மிதிவண்டியில் அணிவகுத்துச் சென்றனர். இம்மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் மிதிவண்டிக்குப் பழகினர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார்.

அவர் குறிப்பிடும் மற்றொரு செய்தி என்னை வியக்க வைத்தது. பெண்களுக்கான வண்டி கிடைத்தபோதும் பலர் ஆண்கள் வண்டியையே விரும்பினர். குறுக்குக் கம்பியின் மேல் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா! அப்பத்தாவின் வண்டியும் அவ்வாறே. முன்னால் மகன், பின்னால் கருவாட்டுக் கூடை. புதியதை அப்படியே ஏற்காமல், தம் வாழ்க்கைக்குத் தக அதனை வளைத்துக்கொண்டனர் அப்பெண்கள். மேல்நிலை வகுப்பில் அரசு தந்த விலையில்லா மிதிவண்டியை எவ்விதத் தயக்கமுமின்றி ஓட்டி வந்தவள் நான். அந்தத் தயக்கமின்மையை எனக்கு முன்பே யாரோ விழுந்து எழுந்து வாங்கித் தந்திருக்கிறார்கள் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மூன்றாம் கவளம்

அன்று மாலையே, “அந்தப் புட்டு இருக்கா அப்பத்தா?” என்று கேட்டேன். “நேத்து செஞ்சது இன்னிக்கு இருக்குமா? நாளைக்கு வா, செய்யிறதையும் பாரு” என்றார்.

மறுநாள் அடுப்பருகே அமர்ந்து பார்த்தேன். திருக்கைத் துண்டுகளை மஞ்சளிட்ட கொதிநீரில் வேக வைத்தார். தோலை உரித்து, முள் நீக்கி, நீரைப் பிழிந்து உதிர்த்தார். சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, உதிர்த்ததைக் கொட்டி, ஈரம் வற்றும்வரை கிளறினார். பிள்ளை பெற்ற பெண்களுக்கு இதனை விரும்பித் தருவது கடலோர வழக்கம் என்றார். எது எவ்வாறு ஆகிறது என்று கண்ணால் கண்டபின் பாதி அச்சம் போயிற்று. விரல்நுனியளவு எடுத்து வாயிலிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், பிடிக்கவில்லை. ஆறாம் நாள் மீண்டும் உண்டேன். பரவாயில்லை என்று தோன்றியது. முகாம் முடியும் நாளில் மூன்றாம் முறை உண்டபோது, நானே இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

இது என் ஒருத்தியின் அனுபவமோ என்று ஐயுற்று நூல்களைத் தேடினேன். ராபர்ட் சாயன்ஸ் என்னும் உளவியலார் 1968இல் வெளியிட்ட ஆய்வில், பொருள் தெரியாத சொற்களையும் எழுத்துகளையும்கூட அடிக்கடி காட்டக் காட்ட, மக்களுக்கு அவற்றின்பால் விருப்பம் கூடுவதைக் காட்டினார். 1982இல் லீன் பிர்ச்சும் அவருடைய உடனாய்வாளரும் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய உணவுகளைச் சிறிது சிறிதாகத் தந்து பார்த்தனர். அதிக முறை சுவைத்த உணவையே குழந்தைகள் அதிகம் விரும்பின. கண்ணால் பார்ப்பது மட்டும் நாவின் விருப்பத்தைக் கூட்டாது, சுவைத்தே ஆகவேண்டும் என்பது 1987இல் அவர் குழுவினர் கண்ட மற்றொரு முடிவு. படத்தில் பலூனைப் பார்த்து ஏங்கிய எனக்கு இது தக்க பாடம்.

நம் சமையலறையே இதற்குச் சான்று. மிளகாய் தமிழகத்தில் பிறந்ததன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியே 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. அதற்குமுன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தனர். வந்த புதியதற்கு, தெரிந்த மிளகின் பெயரையே சார்த்தி மிளகாய் என்றழைத்து உறவாக்கிக்கொண்டனர். எங்கள் செம்மண்ணில் விளையும் நிலக்கடலையும், ஆதனக்கோட்டையில் மணக்க மணக்க வறுக்கும் முந்திரியும் தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டவையே. இன்று எதை ‘நம் உணவு’ என்கிறோமோ, அதில் பல ஒருகாலத்தில் யாரோ ஒரு பாட்டி தயங்கித் தயங்கி வாயிலிட்ட முதற் கவளம்.

எல்லை எது?

அப்படியாயின் எதையும் துணிந்து செய்துவிடலாமா என்று நண்பர்கள் கேட்கலாம். கூடாது. நண்டும் இறாலும் சிலர் உடலுக்கு ஒவ்வாமல் உயிருக்கே இடர் விளைவிப்பதுண்டு. பேத்தை மீனில் கொடிய நஞ்சுண்டு. கொள்கையாலோ சமயத்தாலோ புலால் உண்ணாதவர் உண்ண வேண்டியதில்லை. முதன்முதலில் வானில் பறந்த அதே பிலாத்ர் தெ ரோசியே, 1785 ஜூன் 15 அன்று சூடான காற்றையும் ஹைட்ரஜனையும் ஒருங்கே இணைத்த பலூனில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்று, விழுந்து உயிர்நீத்தார். ஆட்டையும் வாத்தையும் முன்னனுப்பி, கயிறு கட்டிப் பார்த்து, படிப்படியாக ஏறிய அந்த முதல் ஆண்டின் பொறுமைதான் நாம் கைக்கொள்ள வேண்டியது.

என் அனுபவத்திலிருந்து நான்கு நெறிகளைத் தொகுத்துக் கூறுகிறேன்.

ஒன்று, சிறிதளவில் தொடங்குக. எலிக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கட்டும்.

இரண்டு, அறிந்தவர் துணையோடு தொடங்குக. வண்டியின் பின்னால் ஒரு கை இருக்கட்டும்.

மூன்று, முதல் முறையிலேயே தீர்ப்புக் கூறற்க. மூன்று முறையேனும் வாய்ப்புத் தருக.

நான்கு, மறுக்க நேர்ந்தால் பொருளை மறுக்கலாம், தருபவரை மறுத்தலாகாது. “எனக்குப் பழக்கமில்லை” என்ற இரண்டு சொற்களை அன்று நான் சொல்லியிருந்தால் போதும்.

நான்கனுள் நான்காவதே தலையாயது என்பேன். மற்றவற்றில் பிழைத்தால் இழப்பு நமக்கு. இதில் பிழைத்தால் காயம் பிறர்க்கு.

முடிவுரை

தொலைவில் இருக்கும் புதுமைக்குத் துணிவது எளிது. பலூன் நம் வாசலில் வந்து நிற்கப் போவதில்லை என்ற துணிச்சலில்தான் அன்று வகுப்பில் நம் கைகள் உயர்ந்தன. அண்டை வீட்டு அடுப்பிலும், அடுத்த ஊர்த் திண்ணையிலும் இருக்கும் புதுமையே நம்மைச் சோதிப்பது. அதில் தேறியவர்க்கு வானம் பெரிதன்று.

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அழைப்பை ஏற்று அப்பத்தா எங்கள் ஊருக்கு வந்தார். முதல் நாள் இரவுதான் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியிருந்தது. என் பாட்டி அதை வறுத்துப் புடைத்து, வறுத்த அரிசியோடு கலந்து ஒரு கிண்ணத்தில் வைத்து, “சாப்பிடுங்க” என்றார். கடலோரத்தில் பிறந்த அப்பத்தா அக்கிண்ணத்தை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் நான் நன்கறிந்த அதே தயக்கம்.

“எனக்குப் பழக்கமில்ல தாயி” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே, விரல்நுனியால் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இன்னும் இரண்டு முறை மீதி இருக்கிறது.